கார்டெல்லாம் அட்மிஷனுக்குத்தான், மாசா மாசம் மாத்திரைக்கு யாரு?

வயசானவங்க வைத்தியச் செலவுன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் நேரா ஆபரேஷன், ஐசியூ, ஸ்டென்ட்டுன்னு போயிடறாங்க. லட்சக்கணக்குல பில்லு, நகை அடகு, கைமாத்து, இதெல்லாம் நிஜம்தான், நானும் பார்த்திருக்கேன். ஆனா எங்க வீட்டைப் பொறுத்தவரைக்கும் குடும்பத்தை அரிச்சது அந்த லட்ச ரூபா பில்லு இல்லைங்க, மாசம் பொறந்தா வர்ற மெடிக்கல் ஷாப் பில்லுதான். லட்ச ரூபான்னா சொந்தக்காரங்க நாலு பேரு ஆளுக்குப் பத்தாயிரம் எடுத்துட்டு ஓடி வருவாங்க, ஆபீஸ்ல அட்வான்ஸ் கேக்கலாம், ஏதாவது ஒரு காப்பீட்டு கார்டு செல்லுமான்னு விசாரிக்கலாம். சுகர் மாத்திரை வாங்கக் காசு பத்தலைன்னு போய் யார்கிட்ட கேப்பீங்க? கேக்க வாயும் வராது, கேட்டாலும் "அதெல்லாம் எல்லார் வீட்லயும் இருக்கறதுதான"ம்பாங்க.

எங்கப்பா கோயமுத்தூர்ல பஞ்சாலைல ஸ்பின்னிங் டிபார்ட்மெண்ட்ல இருந்தவரு. மில்லு மூடுற நேரத்துல விஆர்எஸ், அதான் விருப்ப ஓய்வு, கொடுத்து அனுப்பிட்டாங்க, வந்த பணம் என் கல்யாணத்துக்கும் வீட்டு மேல் மாடிக்கும் போயிருச்சு. இப்ப கையில வர்றது பிஎஃப் ஆபீஸ் பென்ஷன் மட்டும்தான், மாசம் 1,900 ரூபாய்க்குச் சில்லறை கம்மி. இந்த இபிஎஸ் 95 பென்ஷனுக்கு டிஏ கிடையாதுங்க. ரிட்டயர் ஆன அன்னிக்கு என்ன தொகையோ ஏறக்குறைய அதேதான் கடைசி வரைக்கும், அரிசி விலை ஏறுனாலும் மாத்திரை விலை ஏறுனாலும் அது அசையாது. குறைஞ்சபட்ச பென்ஷன் 1,000 ரூபான்னு 2014 செப்டம்பர்ல வச்சாங்க, இன்னும் அந்த ஆயிரத்துலயேதான் நிக்குது. மில்லுல அப்பா கூட வேலை பார்த்தவங்க பாதிப் பேருக்கு ஆயிரத்து முன்னூறு, ஆயிரத்து ஐநூறு அப்படித்தான் வருது.

இப்ப செலவுப் பக்கம். நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறவ, அதனால பில்லைப் பார்த்தா கை தானா எக்ஸெல் ஷீட்டைத் திறந்துரும். அப்பாவுக்கு சுகர் வந்து இருபது வருஷம் தாண்டிருச்சு, பின்னாடியே பிபி, அப்பறம் கிட்னி சோர்ந்தா ஏறுற கிரியாட்டினின் லேசா ஏற ஆரம்பிச்சுது, கால் எரிச்சல் வேற. ரெண்டு சுகர் மருந்து ஒண்ணா சேர்ந்த மாத்திரை காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, அது மாசத்துக்கு ஐநூத்தி சொச்சம். கிட்னிக்கும் ஹார்ட்டுக்கும் நல்லதுன்னு எழுதின எம்பாகிளிஃப்ளோசின், ஒரு மாத்திரை 60 ரூபா, மாசம் 1,800. பிபி மாத்திரை, கொழுப்பு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு, எல்லாம் சேர்ந்து ஒரு எழுநூறு. ராத்திரி போடற இன்சுலின் ஆயிரத்துக்கு மேல, அதுக்கு ஊசி தனி. கால் எரிச்சலுக்கு நரம்பு மாத்திரை நானூத்தம்பது. சுகர் பாக்குற ஸ்ட்ரிப்பு ஒண்ணு இருபது ரூபா பக்கம். அம்மாவுக்கு பிபி, தைராய்டு, கால்சியம், கேஸ் மாத்திரைன்னு ஒரு எழுநூறு. மூணு மாசத்துக்கு ஒருக்கா எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்), கிரியாட்டினின், யூரின் டெஸ்ட், டாக்டர் ஃபீஸ், ஆட்டோ. எல்லாத்தையும் மாசக் கணக்குல பிரிச்சுப் போட்டா ஆறாயிரத்து சொச்சம் வந்து நின்னுது. 1,900 ரூபா பென்ஷன்காரருக்கு ஆறாயிரத்து சொச்சம்! மீதியை நானும் அண்ணனும்தான் போடறோம், அண்ணன் பெங்களூர்ல இருக்கான், அவனுக்கும் ரெண்டு பசங்க ஸ்கூல் ஃபீஸ் இருக்கு.

இதுல யாராவது "முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இல்லையா"ன்னு கேப்பாங்க. கேக்கறவங்க மேல தப்பில்ல, நமக்கு அப்படித்தான் சொல்லி வச்சிருக்காங்க. 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டமா ஆரம்பிச்சு 2012ல பேரு மாறி, இப்ப குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் கவர் இருக்கு. ஆண்டு வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். அப்பா வருமானத்தை மட்டும் பார்த்தா தாராளமா உள்ள வருவாரு, ஆனா அண்ணன் பேரும் அதே ரேஷன் கார்டுல கிடந்ததால விஏஓ வருமானச் சான்று கொடுக்க யோசிச்சாரு, அந்தப் பஞ்சாயத்து தனிக் கதை. அப்பறம் 70 வயசு தாண்டின எல்லாருக்கும் வருமானம் பாக்காம 5 லட்சம்னு ஆயுஷ்மான் பாரத்ல 2024 அக்டோபர்ல ஒண்ணு ஆரம்பிச்சாங்க. எல்லாம் நல்ல திட்டம்தான், குறை சொல்லல. ஆனா எல்லாத்துலயும் விஷயம் ஒண்ணுதான்: படுத்தாத்தான் பணம். ஆஸ்பத்திரில பெட் போட்டு அட்மிட் ஆகணும், இல்லைன்னா டயாலிசிஸ் மாதிரி லிஸ்ட்ல இருக்கற வைத்தியமா இருக்கணும். பெட்டுல படுக்காம இருக்கறதுக்காக தினம் முழுங்கற மாத்திரைக்கு அதுல ஒத்தை ரூபா வராது. பிரைவேட் பாலிசியும் பெரும்பாலும் அதே கதைதான், அட்மிட் ஆகாம பாக்கற வைத்தியத்துக்கு ஓபி கவர்னு தனியா விப்பாங்க, அது வாங்கற பிரீமியத்துக்கு நேரா மாத்திரையே வாங்கிக்கலாம்.

நாட்டுக் கணக்கும் இதையேதான் சொல்லுது. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கு அறிக்கைல நாட்டோட மொத்த மருத்துவச் செலவுல 39.4 சதவீதம் ஜனங்க சொந்தப் பாக்கெட்ல இருந்து போடறதுன்னு இருக்கு. 2013-14ல இது 64 சதவீதமா இருந்துச்சு, அதனால குறைஞ்சிருக்கு, நல்ல சேதின்னே வச்சுக்கலாம். ஆனா அந்த 39ல விழற வீடு எது? நாட்டுல சுகர்காரங்க 10 கோடிக்கு மேலன்னு ஐசிஎம்ஆர் ஆய்வு 2023ல சொல்லுச்சு, பிபிகாரங்க 31 கோடியைத் தாண்டறாங்க. இதுல பென்ஷன் இல்லாத, பென்ஷன் பேருக்கு இருக்கற பெரியவங்க எத்தனை பேரு இருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. நம்ம தமிழ்நாட்ல வேற கேரளாவுக்கு அடுத்தபடியா ஜனத்தொகைல வயசானவங்க பங்கு அதிகம்.

சரி, பணம் பத்தாத வீட்ல என்ன நடக்கும்? பெரியவங்க வாய் திறந்து பத்தலைன்னு சொல்ல மாட்டாங்க, அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சுக்குவாங்க. ஒரு தீபாவளிக்குப் போயிருந்தப்ப சாமி ரூம் அலமாரில பாக்குவெட்டி இருந்துச்சு, எங்க வீட்ல யாரும் வெத்தலை போடறதில்லையே இது எதுக்குன்னு கேட்டா அம்மா பேச்சை மாத்தறாங்க. அப்பறம் மாத்திரை டப்பாவைத் திறந்தா எல்லாம் அரை அரையா வெட்டி வச்சிருக்கு. அப்பாகிட்ட கேட்டா, "சுகரு கண்ட்ரோல்லதான இருக்குது அம்முணி, அரை போட்டா போதும்"ங்கறாரு. யாரு சொன்னாங்கன்னு கேட்டா பதில் இல்ல. அந்த மாத்திரை மேலயே எஸ்ஆர்னு போட்டிருக்கு, கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்க மருந்து இறங்கற மாதிரி செஞ்சது, அதை வெட்டுனா மொத்தமா ஒரே நேரத்துல இறங்கிரும், வெட்டவே கூடாது. இன்சுலின் ஊசி ஒண்ணையே வாரக்கணக்கா போட்டிருக்காரு, முனை மழுங்கி வயித்துல அங்கங்க கட்டி. ஸ்ட்ரிப்பு டப்பா வாங்குன மாதிரியே அப்படியே இருக்கு, எக்ஸ்பைரி தேதி முடிஞ்சு.

அதை விட எனக்கு ஆத்திரம் வந்தது அம்மா பண்ணினதுல. அவங்க பிபி மாத்திரையை மொத்தமா நிறுத்திட்டாங்க, தலை சுத்துனா மட்டும் ஒண்ணு போட்டுக்கறது. "எனக்கென்ன சாமி, நல்லாத்தான இருக்கறேன், உங்கப்பாவுக்குத்தான் அவசியம்"னு ஒரே பேச்சு. பிபி ஏறிக் கிடந்தாலும் நிறையப் பேருக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் வாய் கோணி கை விழுந்து கிடக்கும்போதுதான் தெரியும், இதைச் சொன்னா சிரிக்கறாங்க. ரெண்டு பேரு சீக்காளியா இருக்கற வீட்ல காசு பத்தலைன்னா முதல்ல நிக்கறது பொம்பளையோட மாத்திரைதான், இதை என் ஃப்ரெண்ட்ஸ் வீடுகள்லயும் விசாரிச்சேன், கிட்டத்தட்ட எல்லா வீட்லயும் அப்படித்தான் இருக்கு. ஆம்பளைக்கு சுகர்னா அது வீட்டு விஷயம், பொம்பளைக்கு மூட்டு வலின்னா அது வயசு.

அடுத்த வருஷமே அப்பாவுக்கு கால் விரல்ல புண்ணு. செருப்பு கடிச்சதுதான், வலி தெரியல, நரம்பு மரத்துப் போனா அப்படித்தானே, அவரே கவனிக்கறதுக்குள்ள சீழ் புடிச்சிருச்சு. மாத்திரையை அரையாக்கினதாலதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், இருபது வருஷ சுகர்ல யாருக்கு வேணா வரலாம், ஆனா அன்னிக்கு எச்பிஏ1சி 11க்கு மேல இருந்துச்சு, ரொம்ப அதிகம். ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில சேர்த்து, புண்ணைச் சுத்தம் பண்ணி, சின்ன விரலை மட்டும் எடுத்து, ஐவி ஆன்டிபயாடிக் போட்டு பில்லு ஒண்ணே முக்கால் லட்சத்தைத் தாண்டிருச்சு. அப்பா அம்மாவுக்குன்னு பிரைவேட் இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து ரெண்டு வருஷம்கூட ஆகல, சுகர் ஏற்கெனவே இருந்த நோயி, வெயிட்டிங் பீரியட் முடியலைன்னு க்ளெய்மைத் திருப்பிட்டாங்க. என் வளையல் போச்சு. போனா போகுது, அதை விடுங்க.

நான் சொல்ல வந்தது அதுக்கு அப்பறம் நடந்தது. டிஸ்சார்ஜ் ஆன அன்னியோட பெரிய செலவு முடிஞ்சுதுன்னு நாங்க நினைக்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங், ஒரு தடவைக்கு முன்னூறு, போக வர ஆட்டோ முன்னூறு, அம்மா தனியா கூட்டிட்டுப் போக முடியாதுன்னு நான் லீவு போட்டு போட்டு சம்பளத்துல பிடிச்சது, சுகர்காரங்க போடற மெத்துன்னு இருக்கற எம்சிஆர் செருப்பு ஆயிரத்து இருநூறு, புண்ணு ஆற புரோட்டீன் வேணும்னு டெய்லி முட்டை, மீனு. இது மூணு மாசத்துக்கு மேல போச்சு. இதுல பெரும்பாலானது எந்தக் கார்டுலயும் வராது, ஆஸ்பத்திரி பில்லுலயும் இருக்காது. நான் மட்டும் எக்ஸெல்ல போட்டு வச்சிருக்கேன். பக்கத்து வீட்டு மாமாவுக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில டயாலிசிஸ் ஃப்ரீ, ரொம்ப நல்லா பாக்கறாங்க, ஆனா வாரத்துக்கு மூணு நாள் ஆட்டோவுக்கே அவங்க மாசம் அஞ்சாயிரம் கொடுக்கறாங்க. டயாலிசிஸ் முடிஞ்ச ஆளை டவுன் பஸ்ல நிக்க வச்சா கூட்டிட்டு வர முடியும்?

அந்த வளையல் போன கோவத்துலதான் ஒவ்வொரு மாத்திரையா உக்காந்து பாக்க ஆரம்பிச்சேன். அட்டைல பிராண்ட் பேருக்குக் கீழ சின்ன எழுத்துல மருந்து பேரு இருக்குமே, அதைத்தான் பாக்கணும். அந்த 60 ரூபா எம்பாகிளிஃப்ளோசின் இருக்குல்ல, அதோட பேட்டண்ட், அதான் ஒரே கம்பெனி மட்டும் விக்கற உரிமை, 2025 மார்ச்ல முடிஞ்சுது. முடிஞ்ச அதே வாரத்துல நம்மூர் கம்பெனிங்க பல பேரு அதே மருந்தைப் போட்டுட்டாங்க, அஞ்சரை ரூபாய்ல இருந்து பத்து, பதினஞ்சு வரைக்கும். அதே மருந்து, அதே மில்லிகிராம். எங்கப்பா சீட்டுல மட்டும் பழைய பிராண்டே ஓடிட்டிருந்துச்சு, ஏன்னா டாக்டர் ஒவ்வொரு தடவையும் "கண்டின்யூ"ன்னு எழுதிடறாரு, மெடிக்கல்காரர் எழுதினதைக் கொடுக்கறாரு, அப்பா கொடுத்ததை வாங்கறாரு. யாரும் ஏமாத்தல, ஆனா மாசம் ஆயிரத்தி ஐநூறு ரூபா சும்மா போயிட்டிருந்துச்சு. டாக்டர்கிட்ட நேராவே கேட்டேன், சார் இதுல விலை கம்மியானது எழுதித் தர முடியுமான்னு. கோச்சுக்குவாரோன்னு பயந்துதான் போனேன், அவரு பாட்டுக்கு "ஓ தாராளமா, கேக்கவே இல்லையே நீங்க"ன்னு மாத்திக் கொடுத்துட்டாரு. இதுக்கு முன்னாடி வில்டாகிளிப்டினுக்கு 2019 கடைசில, சிட்டாகிளிப்டினுக்கு 2022ல இதே மாதிரி பேட்டண்ட் முடிஞ்சு விலை இறங்கிருச்சு. உங்க வீட்டுப் பெரியவங்க ரொம்ப வருஷமா ஒரே சீட்டுல ஓடிட்டிருந்தா ஒருக்கா அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்துட்டு டாக்டர்கிட்ட வாய் விட்டுக் கேளுங்க. நீங்களா மாத்திராதீங்க, அது வேற வம்பு.

அப்பறம் ஜெனரிக், அதான் பெரிய பிராண்ட் பேரு இல்லாத அதே மருந்தை, மலிவா விக்கற கடைங்க: மக்கள் மருந்தகம், அதான் ஜன் அவுஷதி, 2025 பிப்ரவரில இருந்து நம்ம ஸ்டேட்ல முதல்வர் மருந்தகம் ஆயிரம் கடை. பிபி மாத்திரை டெல்மிசார்டன் 40 வெளில ஏழு ரூபா பக்கம் வாங்கிட்டிருந்தோம், ஜெனரிக்ல ஒண்ணேகால் ஒண்ணரை ரூபாதான். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா சரியா இருக்காது. நம்ம டாக்டருங்க ரெண்டு மருந்து, மூணு மருந்து சேர்ந்த காம்பினேஷன் மாத்திரையாத்தான் நிறைய எழுதறாங்க, அந்த அளவு அப்படியே எல்லா நேரமும் அங்க இருக்காது. கடைப் பையன் "இது வராதுங்க"ன்னு திருப்பி அனுப்பிருவான். தனித்தனியா எழுதித் தரச் சொன்னா மாத்திரை எண்ணிக்கை கூடுது, வயசானவங்களுக்கு எண்ணிக்கை கூடுனா குழப்பம். அதனால எங்க வீட்ல பாதி அங்க, பாதி பழைய மெடிக்கல்ல, டப்பால காலை மதியம் ராத்திரின்னு நான் சனிக்கிழமை பிரிச்சு வச்சிட்டு வர்றேன்.

அப்பாவுக்கு இந்த மலிவு மாத்திரைல நம்பிக்கையே கிடையாது. "ஒண்ணரை ரூவா மாத்திரை என்னத்தக் கேக்கும்"னு ஒரே பாட்டு. கவர்மெண்ட் மாத்திரைன்னா இன்னும் மோசம், பிஎச்சில, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல, வெறும் கவர்ல போட்டுத் தர்றாங்க, ஒரு மாசம் வெள்ளை, ஒரு மாசம் மஞ்சள், அதைப் பார்த்தாலே அவருக்கு சந்தேகம். இதுல அவரு சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, கலரு மாறுனா எழுதப் படிக்கக் கண்ணு தெரியாதவங்க எதை எப்பப் போடறதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? ஆனா மருந்து கேக்காதுங்கறது சும்மா. நம்ம ஸ்டேட்ல 1994லயே மருத்துவப் பணிகள் கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, அரசு ஆஸ்பத்திரிக்கெல்லாம் மொத்தமா டெண்டர் விட்டு வாங்கி, லேப்ல டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பறாங்க, மத்த ஸ்டேட்காரங்க வந்து பார்த்துட்டுப் போய் அதே மாதிரி வச்சாங்க. மொத்தமா வாங்கறதாலதான் விலை கம்மி, மருந்து கம்மிங்கறதால இல்ல.

அம்மா விஷயத்துல எனக்கு நிம்மதி கொடுத்தது மக்களைத் தேடி மருத்துவம்தான். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்சது, வீட்டுக்கே வந்து பிபி சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துட்டுப் போவாங்க. எங்க தெருவுக்கு ஒரு அக்கா வர்றாங்க, வெயிலோ மழையோ வந்துருவாங்க. அம்மா முதல்ல "நம்ம வீட்டுக்கு எதுக்கு, இல்லாதவங்களுக்குக் கொடு"ன்னு வாசல்லயே சொல்லி அனுப்பிட்டாங்களாம்! நான் அந்த அக்காகிட்ட ஃபோன்ல பேசி, மறுபடியும் வரச் சொல்லி, இப்ப அம்மாவுக்கு பிபி மாத்திரை காசில்லாம வருது. காசு இல்லைங்கறதால "அப்பாவுக்காக மிச்சம் பிடிக்கறேன்"ங்கற சாக்கும் இல்ல. மாத்திரை விடாம போடறாங்களான்னு அந்த அக்கா டப்பாவையே எடுத்துக் காட்டச் சொல்லறாங்க, நான் கேட்டா காட்டாதவங்க அவங்க கேட்டா காட்டறாங்க. இந்தப் பேப்பர்ல படிக்கற அவார்டு எல்லாம் இருக்கட்டும் (ஐநா அவார்டு 2024ல கொடுத்தாங்க), அந்த அக்காவுக்குக் கொடுக்கற தொகையைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தா நல்லா இருக்கும்.

இப்ப நான் இதை எழுத உக்காந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இது தெரியாம எத்தனை மில்லுக் குடும்பம் இருக்கோ. இஎஸ்ஐ. வேலைல இருக்கற வரைக்கும் தொழிலாளர் காப்பீடுன்னு சம்பளத்துல இஎஸ்ஐ பிடிச்சாங்க, வேலை போனதும் அது முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்கோம். முடியலைங்க. குறைஞ்சது அஞ்சு வருஷம் இஎஸ்ஐல இருந்துட்டு ரிட்டயர் ஆனவங்க, விஆர்எஸ்ல வந்தவங்களும்தான், வருஷத்துக்கு 120 ரூபா கட்டினா அவங்களுக்கும் அவங்க வீட்டுக்காரம்மாவுக்கும் இஎஸ்ஐ வைத்தியம் தொடரும். மாசத்துக்கு பத்து ரூபா! டிஸ்பென்சரில மாத்திரையும் உண்டு, ஆஸ்பத்திரி அட்மிஷனும் உண்டு. எங்க ஊர்ல சிங்காநல்லூர்லயே பெரிய இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கு, அப்பா தினமும் அந்த வழியாத்தான் டீ குடிக்கப் போவாரு. மில்லுல கூட இருந்த ஒருத்தர் பையன் கல்யாண வீட்ல பேச்சுவாக்குல சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது.

உடனே கெடச்சிரல. மூடிப்போன மில்லு, யாரு கையெழுத்துப் போடறது? அப்பாவோட பழைய இன்சூரன்ஸ் நம்பர் எங்கன்னு தேடி, விஆர்எஸ் ஆர்டர், பிஎஃப் பென்ஷன் பேப்பர் எல்லாத்தையும் டிரங்குப் பெட்டில இருந்து எடுத்து, ஆதார்ல இனிஷியல் ஒரு மாதிரி பழைய ரெக்கார்டுல ஒரு மாதிரி, அதை ஒரு தரம் திருத்தி, பிராஞ்ச் ஆபீஸ்ல "இன்னொரு சர்டிஃபிகேட் வேணும்"னு அலைய விட்டு, நடுவுல அப்பா "அந்த 120 ரூவாய நீயே வெச்சுக்க, எனக்கு வேண்டாம்"னு ரோட்லயே நின்னு சண்டை போட்டு, ஒரு வழியா ஆச்சு. பழைய பேப்பரைத் தூக்கிப் போடாம வச்சிருந்த அம்மாவுக்குத்தான் புண்ணியம். உங்க வீட்ல மில்லு, ஃபவுண்டரி, பனியன் கம்பெனின்னு இஎஸ்ஐ பிடிச்ச இடத்துல இருந்து ரிட்டயர் ஆனவங்க இருந்தா இன்சூரன்ஸ் நம்பரையும் வேலையை விட்ட ஆர்டரையும் முதல்ல தேடி எடுத்து வைங்க, மத்தது அலைஞ்சா கெடைச்சிரும்.

டிஸ்பென்சரில எல்லாமே கெடைக்குதான்னா இல்ல. இன்சுலின் பேனா டைப் இல்ல, பாட்டில்தான், அதுக்கு 40 யூனிட் சிரிஞ்சுதான் வாங்கணும், 100 யூனிட் சிரிஞ்சை மாத்தி வாங்கிட்டா அளவே தப்பாயிரும். டாக்டர் இன்சுலினையும் அதுக்கேத்த மாதிரி மாத்திக் கொடுத்தாரு, முதல் ரெண்டு வாரம் சுகரை நெருக்கமா பார்க்கச் சொன்னாரு. நரம்பு மாத்திரை சில மாசம் ஸ்டாக் இல்லம்பாங்க. காலைல டோக்கன் போட்டு உக்காரணும். ஆனா செலவுக் கணக்கு இப்ப ஆறாயிரத்து சொச்சத்துல இருந்து ரெண்டாயிரத்துக்குப் பக்கத்துல வந்திருச்சு, அதுல பாதி ஆட்டோவும் லேப் டெஸ்ட்டும்தான். பாக்குவெட்டியை நான் திருப்பூருக்கே எடுத்துட்டு வந்துட்டேன்.

இன்னொரு சின்ன விஷயம், வரி கட்டறவங்களுக்கு. 60 வயசு தாண்டின அப்பா அம்மாவுக்கு இன்சூரன்ஸ் பாலிசி இல்லைன்னா அவங்க மருந்து, டெஸ்ட் செலவையே வரிக் கணக்குல (80டின்னு சொல்வாங்க) வருஷம் 50,000 ரூபா வரைக்கும் கழிச்சுக்கலாம், ஆனா பில்லை கேஷா கட்டியிருக்கக் கூடாது, ஜிபே கார்டு ஏதாவது இருக்கணும், நீங்க பழைய வரி முறைலயும் இருக்கணும். புது முறைக்கு மாறுனவங்களுக்குக் கிடையாது. எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு இதைக் கேக்காமலே புது முறைக்குப் போயிட்டாங்க, அவங்கவங்க கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

மிச்சம் இருக்கறது அந்த பிரைவேட் பாலிசி. அதை விட்டுரலாமான்னு வீட்ல ஓடிட்டிருக்கு. ரெண்டு பேருக்கும் சேர்த்து பிரீமியம் நாப்பத்தி எட்டாயிரம், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டிட்டிருந்தோம், 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியே இல்லைன்னு எடுத்துட்டாங்க, அதுல கொஞ்சம் மூச்சு விட முடியுது. அறுபது வயசு தாண்டினவங்களுக்கு ஒரு வருஷத்துல 10 சதவீதத்துக்கு மேல பிரீமியம் ஏத்தணும்னா இன்சூரன்ஸ் கம்பெனிங்களைக் கண்காணிக்கற ஐஆர்டிஏகிட்ட முன்கூட்டியே கேக்கணும்னு 2025 ஜனவரில ஒரு ஆர்டர் போட்டாங்க, அதனால முன்ன மாதிரி திடீர்னு ஒண்ணரை மடங்காக்க முடியாது. வருஷம் பத்து சதவீதம்னாலும் அப்பா பென்ஷன் பூஜ்யம் சதவீதம்தானே ஏறுது! அண்ணன் சொல்றான் இஎஸ்ஐ இருக்கே இது தண்டம்னு. நான் சொல்றது, மூணு வருஷ வெயிட்டிங் பீரியட் முடிய இன்னும் கொஞ்ச மாசம்தான், இத்தனை நாள் கட்டிட்டு இப்ப விட்டா கட்டின பணம் அம்புட்டும் தண்ணில போட்ட மாதிரி, ராத்திரில நெஞ்சு வலின்னா பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடுவோம், அது இஎஸ்ஐயா இருக்கணும்னு இல்ல. இந்த வருஷம் கட்டிரலாம், அடுத்த வருஷம் பேசிக்கலாம்னு முடிவாயிருக்கு. ரினியூவல் வர்ற பதினெட்டாம் தேதி. பாதி நான் போடறேன்னு அண்ணன் ஃபோன்ல சொன்னான், அண்ணியும் பக்கத்துல இருந்து கேட்டாங்க, அதனால இந்தத் தடவை வந்துரும்னு நினைக்கறேன்.